எண்பதாவது கட்டம்

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தூக்கிப்போய்க் கட்டம் கட்டமாக வைப்பது கர்சரின் வேலை. வரிசைக்கு எத்தனை கட்டம் என்று சொல்வது அகலம் என்ற மாறிலி. அது சொல்வது எப்போதும் எண்பதுதான்.

ஒருநாள் யாரோ திரையைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். கர்சர் வைத்த எழுத்துகளில் பாதி, திரையின் ஓரச் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து தொலைந்தது. கர்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, நாற்பதுலயே சுவரு வந்துருது. கொஞ்சம் எறங்கி வாங்க."

"பொறந்ததுலேருந்து நான் எண்பதுடா. வாயை மூடிக்கிட்டு, வரிசைக் கடைசியில என் பேரை எழுது."

கர்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபடியே எழுதியது.

"எங்கடா என் பேரு?"

"நீங்க சொன்ன எண்பதுலதான் வெச்சிருக்கேன். போய்ப் பாத்துக்கங்க."