தங்க ஓரத்துப் பேய்

“கடைசி அத்தியாயத்தை எலி தின்னுடுச்சு சார்” என்றார் வால்டர்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

நான் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் தோல் அட்டை. தாள் ஓரமெல்லாம் தங்கப் பூச்சு. நடுவே சிவப்புப் பட்டு நாடா. பார்த்தால் ஜெபப் புத்தகம். உள்ளே ‘மூன்றாம் ஜாம மோகினி’.

யுத்தத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பட்டணத்தையே நடுங்க வைத்த பேய்க்கதை. அச்சுப் புத்தகமாக வரவே இல்லை. வாராவாரம் கிழித்துச் சேர்த்தவர்கள் பைண்டு செய்து வைத்ததோடு சரி. அதிலும் ராயபுரத்துப் பிரதிகள் தனி ரகம். கோயிலுக்கு ஜெபப் புத்தகம் கட்டும் இக்னேஷியஸின் கைவேலை. பழைய புத்தகம் சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசாதவன் கிடையாது, பார்த்தவனும் கிடையாது.

“எலி கடைசி அத்தியாயத்தை மட்டுமா தின்னும்?”

“அதுக்கு இன்னா சார் தெரியும், முதல்லேர்ந்து தின்னணும்னு?”

சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி எல்சியிடம் பொருமித் தீர்த்தேன். “புத்தகத்தோட அருமை தெரியாத ஊரு. ஒரு தாளைக் கிழிக்கிறவனைக்கூட ஜெயில்ல போடணும்.”

எல்சி கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். “முடிவு தெரியாம எத்தனையோ பேர் நிம்மதியா இருக்காங்க” என்றாள். “வேற யார்கிட்ட இருக்காம்?”

“காசிமேட்டுல இருதயம்மாள்கிட்ட. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். இருதயம்மாள் வலை வியாபாரம் செய்கிறவர். அவர் பிரதி இன்னும் அழகு. அட்டை நெடுகத் தங்கத்தில் கொடி வேலைப்பாடு. ஆசையோடு கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

இல்லை.

“அது வந்து நைனா, பேரப்புள்ள கப்பல் செஞ்சி மழைத் தண்ணியில வுட்டுட்டான்.”

“உங்களுக்குப் பேரனே கிடையாதே.”

“பக்கத்து வூட்டுப் பேரன்” என்றார், கண் இமைக்காமல்.

“அந்த மோகினி இருந்தது எந்த வீடுன்னு கடைசியிலதான் வருதாமே. நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“ஏதோ ஒரு வூடு. ராயபுரத்துல வூட்டுக்கா பஞ்சம்?”

என்ன ஜனங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவரும் புத்தகத்தைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அதே கோபத்தோடு, கூடவே கொண்டுபோயிருந்த வால்டர் பிரதியையும் சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு இக்னேஷியஸ் கடைக்குப் போனேன். யார் மீதாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

“உங்க பைண்டிங் சரியில்லை. கடைசித் தாளெல்லாம் உதிர்ந்துபோகுது.”

மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. புத்தகத்தை வாங்கி, உட்பக்கத்தை விரலால் தடவினார். “நான் கட்டுனது உதிராது சார். இது பிளேடு போட்டது.”

“யார் போட்டது?”

வாயைவிட்டது அப்போதுதான் உறைத்ததுபோல் பசைச் சட்டியைக் கிளற ஆரம்பித்தார்.

அவர் தலைக்கு மேலே பலகையில் அதே கறுப்புத் தோல், அதே தங்க ஓரம்.

“அது முழுசா இருக்கா?”

“கீது. அது எனக்குன்னு கட்டிக்கினது. நீங்க படிக்க வாணாம் சார், பேஜாரு.”

“நான் என்ன பச்சைக் குழந்தையா? ஹார்பர்ல கணக்கு எழுதறவன். பேய் பிசாசெல்லாம் எனக்குத் தமாஷ்.”

பெருமூச்சோடு எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன்.

கதை எழுதியவர் எதையும் ஒளிக்கவில்லை. தூண்டில்காரன் சந்து. வாசற்கதவுக்கு மேலே பச்சைக் கண்ணாடி. நுழைந்ததும் இடப்பக்கம் கிணறு. மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை. அங்கே யார் உட்கார்ந்து படித்தாலும் மோகினியும் பின்னால் நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கும். அவர்கள் பக்கத்தைத் திருப்பும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆறு வருஷமாக நான் குடியிருக்கும் வீடு அது. படிக்குக் கீழே கிடப்பது என் சாய்வு நாற்காலி.

“எழுதுனவரு அந்த வூட்லதான் குடியிருந்தாரு சார்” என்றார் இக்னேஷியஸ். “எல்லாம் கற்பனைதான்.”

“தெரியும், தெரியும்” என்றேன். கழுத்தின் பின்பக்கம் ஜில்லென்றது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, பார்த்தேன். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது.

“அந்த பிளேடைக் கொஞ்சம் கொடுங்க.”

“இன்னாத்துக்கு?”

“இந்த அத்தியாயம் மட்டும் வேண்டாம். எடுத்துடலாம்.”

“ஒரு தாளைக் கிழிச்சாலே ஜெயில்னு சொல்ற ஆளாச்சே சார் நீங்க.”

“எனக்கொண்ணும் இல்லை. வீட்ல அவ பகலெல்லாம் தனியா இருக்கறவ. பயந்த சுபாவம். இது தெரிஞ்சா அப்புறம் அந்த வீட்ல தூங்கவே மாட்டா.”

இக்னேஷியஸ் பசைச் சட்டியை ஓரமாக நகர்த்தினார். பிறகு பிளேடைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“நடுங்காம புடிங்க சார். மத்த ரெண்டையும் வால்டருகிட்டயும் இருதயம்மாள்கிட்டயும் கெஞ்சி வாங்கியாந்து, உங்க சம்சாரம் இங்க உக்காந்துதான் வெட்டிச்சு. வெட்டு எவ்ளோ நேரா கீது பாருங்க. அதுவும் உங்களைப் பத்தி இதையேதான் சொல்லிச்சு.”