எனார்மிட்டி

புதன்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் மேனேஜர் சந்திரமௌலிக்குத் தலைகால் புரியாது. அந்த ஆழ்வார்பேட்டை ஆபீசில் ஊழியர்களை உட்காரவைத்து, உயர்தர இங்கிலீஷ் வார்த்தைகள் கற்றுக்கொடுக்கும் நாள் அது. யாரும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தது.

அவரிடம் அதிகம் மாட்டுவது ரிசப்ஷனில் இருக்கும் ருக்சார்தான். அவள் எழுதும் மெயில் எல்லாம் எளிமையாக இருக்கும். 'எல்.கே.ஜி. இங்கிலீஷ்' என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார். அவள் அடுத்த மெயிலையும் அப்படியே எழுதுவாள்.

கம்பெனித் தலைவர் ஓய்வு பெற்றார். வாழ்த்து மடலைச் சந்திரமௌலியே கைப்பட எழுதினார்; அதை டைப் செய்து ஃப்ரேம் போடும்படி ருக்சாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

விழாவில் தலைவர் அதை உரக்கப் படித்து, நெகிழ்ந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். சந்திரமௌலிக்கு மட்டும் முகம் சுருங்கியது. தலைவருடைய சாதனைகளின் 'எனார்மிட்டி' என்று அவர் எழுதிய இடத்தில், வெறும் 'கிரேட்னஸ்' இருந்தது.

மறுநாள் காலையில் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"என் வார்த்தையை உன் லெவலுக்கு இறக்கிட்டியா?"

ருக்சார் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டைப் பண்றப்ப சந்தேகமா இருந்துச்சு, டிக்ஷனரி பார்த்தேன் சார். எனார்மிட்டின்னா பெருமை இல்ல, பெருங்கொடுமை. உங்களுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன், எடுக்கல. அப்படியே போனா உங்க பேருதானே கெடும்னு மாத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

சந்திரமௌலி செல்போனில் தேடினார். ஒன்றல்ல, மூன்று அகராதி. மூன்றும் அவள் பக்கம் நின்றன. "சரி, போ" என்றார். தேங்க்ஸ் என்கிற சின்ன வார்த்தை அவருக்கு வரவில்லை.

அடுத்த புதன்கிழமை. போர்டில் முதல் வார்த்தையே 'எனார்மிட்டி'.

"இதைப் பெருமைன்னு நெனச்சு, தலைவர் மடல்லயே டைப் பண்ணி வெச்சிருந்தாங்க நம்ம ருக்சார். நல்லவேளை, என் கண்ணுல பட்டுது. திருத்தினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு இன்னும் தைரியம் வந்தது.

"எங்க, ருக்சார், இப்பவாவது சரியா ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

ருக்சார் எழுந்தாள். நோட்டைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துச் சொன்னாள்.

"தான் பண்ண தப்பை, காப்பாத்தினவங்க தலையிலயே கட்டறது எனார்மிட்டி, சார்."

வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. வகுப்பு கைதட்டியது. சந்திரமௌலியும் தட்டவேண்டியிருந்தது.