திறந்தால் அழியும்

“மேடம், மதகைத் திறக்கச் சொன்னதே நீங்கதானே!”

“நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னேன்னா மெசேஜைக் காட்டுங்க.” நீர்வளத்துறைச் செயலாளர் போனை வைத்துவிட்டார்.

விசாரணை அறை வாசலில் அணைப் பொறியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எதைக் காட்டுவார்? அரசு மெயிலில் அனுப்பினால் பதிவாகிவிடும் என்று மேடம் எல்லா உத்தரவையும் தனி ஆப்பில்தான் அனுப்புவார். திறந்து படித்த ஒரு நிமிடத்தில் அது தானாக அழிந்துவிடும்.

“அன்னிக்குப் போனைத் திறக்காமலே முதல் வரி தெரிஞ்சுது. ‘மதகை முழுசா திறந்துடுங்க’ன்னு. போனை வீட்டு மேசையில போட்டுட்டு, மதகுல இருக்கிறவங்களுக்கு வயர்லெஸ்ல சொல்ல ஆபீசுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தா மெசேஜே இல்ல. அந்தம்மாதான் அழிச்சிருக்கணும்,” என்று கூட வந்திருந்த மனைவியிடம் புலம்பினார். “ஒரு தெருவே தண்ணியில போயிடுச்சு. பழி மட்டும் என் தலையில!”

மனைவி குனிந்த தலை நிமிரவில்லை.

“அவங்க அழிக்கலைங்க.”

“பின்னே?”

“நேரங்கெட்ட நேரத்துல ஒரு பொம்பளை மெசேஜ் அனுப்புறா, ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. சந்தேகப்பட்டு நான்தான் திறந்தேன். என் போன்ல படமும் எடுத்து வச்சேன்.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நீ தெய்வம்டி! காட்டு, காட்டு!”

அவள் தன் போனை நீட்டினாள். அவர் பார்த்த முதல் வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது.

‘ஆனா ஜனங்களை வெளியேத்தின பிறகுதான்.’

கதவைத் திறந்து விசாரணை அதிகாரி எட்டிப் பார்த்தார். “மெசேஜ் கிடைச்சுதா சார்?”