தொட்டிக்கு எந்த மணல்

இரண்டு வாளிகளையும் அண்ணனின் கட்டிலருகே வைத்தேன். ஒன்றில் கறுப்பு மணல், மற்றதில் வெள்ளை.

கறுப்பு எங்கள் கரையில் அள்ளியது. பாலித் தீவின் இந்த வடகரை முழுக்கக் கறுப்புதான். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, காந்தத்தால் துழாவி, ஒட்டிய இரும்புத் தூளையெல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தேன். வெள்ளை மணலை அண்ணி லூ சுக்ரி நாங்கள் பிடிக்கும் வண்ண மீன்களை வாங்கும் ஏற்றுமதிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

கண்ணாடித் தொட்டி ஜன்னலோரம் காலியாக நின்றது. கெடே அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருடம் ஆகிறது. கடலுக்குப் போக முடியாதவனுக்கு ஒரு துண்டுக் கடலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பது அண்ணியின் யோசனை. எந்த மணல் என்பதை அவரே சொல்லட்டும் என்றாள்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கறுப்புதான் நல்லது என்றேன். வெள்ளையில் மீன் வெளுத்துப்போகும், மிரண்டு பாறை இடுக்கை விட்டு வெளியே வராது, அழுக்கு தெரியும், பாசி பிடித்தால் பார்க்கச் சகிக்காது. கறுப்பில் விட்டால் கோமாளி மீனின் ஆரஞ்சு அப்படியே எடுத்துக்காட்டும். மூச்சுவிடாமல் பேசினேன்.

"மணல் விக்க வந்தவன்கூட இவ்வளவு பேச மாட்டான் தம்பி," என்று அண்ணி சிரித்தாள்.

நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. உண்மையான காரணமும் அதில் இல்லை. அந்த வெள்ளை மணலை தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அண்ணன் முடங்கியது வெள்ளை மணலில்தான். எங்கள் பாறைகளில் மீன் அற்றுப்போய், படகில் இரண்டு நாள் கிழக்கே போயிருந்தோம். பன்னிரண்டு ஆள் ஆழம். அடியெல்லாம் வெளேரென்று மணல். அண்ணன் ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கீழே வலை விரித்திருந்தான். அந்தக் குழாய்க்குக் காற்றடிக்கும் மோட்டார் மேலே படகில். பெட்ரோல் குறையக் குறைய ஊற்ற வேண்டும், மோட்டாரை விட்டு நகரக்கூடாது. அது என் வேலை.

மோட்டார் நின்றது. அண்ணன் ஒரே மூச்சில் மேலே வந்தான். அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கு வேறு வழி இல்லை.

ஊர்க்கூட்டத்தில் விசாரித்தார்கள். பழைய மோட்டார், யாரையும் குறை சொல்ல முடியாது என்று அண்ணன் படுத்தபடியே சொல்லிவிட்டான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடலுக்குக் கிளம்புமுன் மோட்டாருக்கு வழக்கமாக வைக்கும் படையலை அந்த முறை வைக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கிளம்பிய காலையில் அண்ணிக்கு மாதவிலக்கு. அவள் கை படக்கூடாது. வேறு யாரையாவது வைக்கச் சொல்லியிருக்கலாம், அவசரத்தில் மறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து, கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்த மோட்டாருக்கு தினமும் ஓலைத்தட்டில் பூவும் சோறும் வைத்து ஊதுவத்தி கொளுத்துகிறாள். விலக்கான நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சி வைக்கச் சொல்கிறாள். உன்னால் இல்லை என்று அண்ணன் எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்புவதில்லை. இரண்டு வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணன் வெள்ளை வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். விரலிடுக்கில் வடியவிட்டான்.

"வெள்ளையே இருக்கட்டும் கோமாங்."

அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும். வெள்ளை நமக்கு ஆகாது, படையல் வைக்காமல் அந்த மணலுக்குப் போய்ப் பட்டது போதாதா என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி அப்போதுதான் ஓலைத்தட்டோடு கொல்லைக்குக் கிளம்பியிருந்தாள். கொல்லைக் கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கறுப்புல நிழல் தெரியாதுடா. வெள்ளையில எல்லாம் தெரியும்," என்றான். "அன்னிக்கு உச்சி வெயிலு. படகோட நிழல் எனக்குப் பக்கத்துல மணல்ல கெடந்துச்சு. கொஞ்ச நேரத்துல அதுலேருந்து ஒரு ஆள் நிழல் தனியாப் பிரிஞ்சு போச்சு. வளைஞ்சு வளைஞ்சு, மீன் துரத்துற நீச்சல். ரொம்ப தூரம் போச்சு. அதுக்கப்புறந்தான் காத்து நின்னுச்சு."

அன்று மேலே படகில் இருந்தது நான் ஒருவன்தான். பழைய மோட்டார் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னதும் அண்ணனின் இதே வாய்தான்.

ஊதுவத்திச் சாம்பல் தட்டிலிருந்த பூவின்மேல் உதிர்ந்தது. அண்ணி கொல்லைக்குப் போகவில்லை. திரும்பி வந்து, தட்டைக் கறுப்பு மணல்மேல் வைத்துவிட்டு, வெள்ளை வாளியைத் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்தாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

மணல் சரிந்து அடங்கும்வரை அண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மீனாவது கெடச்சுதாடா?" என்று கேட்டான்.