ஆர்கன்காரர் வேலை

“புருஷன் பெட்டிக்குள்ள கெடக்கான். இவ ஷூ மாத்திக்கிட்டு இருக்கா, பாருங்க!”

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பேராலயத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, செத்துப்போன தம்பியின் மனைவி மெல்லிய அடி வைத்த கறுப்பு ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். மேல்மாடத்துக் குழாய் ஆர்கனில் கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் கட்டைகள் உண்டு. கனத்த செருப்போடு மிதித்தால் ஒன்றுக்கு இரண்டாக அழுந்தும்.

“சும்மா இரேன். அவ காதுல விழப்போகுது,” என்றார் நாத்தனாரின் கணவர்.

“விழட்டுமே. இன்னைக்கு ஒரு நாள் வேற யாராச்சும் வாசிச்சா குடியா முழுகிடும்?”

குடி முழுகத்தான் செய்யும். ஒரு பேராலயத்துக்கு ஒரு ஆர்கன்காரர்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இசைப்பள்ளியில் படித்தவர்கள். பரீட்சையில் முதலாவதாக வந்தவள் அவள், வேலை கிடைத்தது அவருக்கு. அவளுக்கு வாய்த்தது பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவதும், சம்பளமில்லாமல் பாடகர் குழுவைப் பழக்குவதும்தான். குடியிருக்கும் வீடுகூட அந்த வேலையோடு வந்தது.

பெரிய ஃபாதர் நல்ல மனிதர். காலையிலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “கேக்கவே சங்கடமா இருக்கும்மா. அவரு வேலைக்கு வெளியூர்ல இருந்து ஒருத்தரைக் கொண்டுவரணும்னு கமிட்டியில நிக்கறாங்க. நீ தனியா வாசிச்சு அவங்க யாரும் கேட்டதில்லையாம். இன்னைக்கு எல்லாரும் வந்து உக்காந்திருப்பாங்க. மனசைக் கல்லாக்கிக்கிட்டு வாசிச்சுடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவள் மேலே ஏறினாள். முதல் பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது வரியிலேயே ஒரு சுரம் தவறியது. பாடகர் குழு அவளுக்காகக் காத்து நின்று, அப்புறம் இழுத்துக்கொண்டு போனது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாத்தீங்களா? இந்த லட்சணத்துக்குத்தான் அவ்வளவு அவசரமா மேல ஓடினாளா?”

“பாவம், அழுதுகிட்டே வாசிக்கறா போலிருக்கு.”

“என்ன பாவம்? போன மாசம் நாம வந்தப்ப என்ன நடந்துச்சு? மேல ஆர்கன் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கு. என் தம்பி நம்மகூடக் கடைசி பெஞ்சுல உக்காந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே, ‘இந்த இடம் இன்னும் மெதுவா வரணும்’னு முணுமுணுத்தானே! அப்படித் திருத்தியும் இவளுக்கு வரலைன்னா யாரு என்ன பண்றது?”

இரண்டாவது பாட்டு இன்னும் மோசம். பாதியில் ஆர்கன் அப்படியே நின்றுபோயிற்று. குழுவினர் வெறும் குரலில் பாடி ஒப்பேற்றினார்கள். கமிட்டித் தலைவர் எல்லோரும் பார்க்கவே, சரிப்படாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று நாத்தனாரின் கணவர் பெருமூச்சு விட்டார்.

பூசை முடிந்து பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். இனி பாட்டு கிடையாது. பெட்டி வாசலைத் தாண்டும்வரை ஆர்கன் மட்டும்தான். ஆனால் மேலேயிருந்து சத்தமே வரவில்லை. குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள்.

அப்புறம் வந்தது.

மெல்லத்தான் தொடங்கியது. ஒரு பிசிறு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. அடிக்குரல் குழாய்கள் எழுந்தபோது பெஞ்சுகள் அதிர்ந்தன. தூக்கியவர்கள் தோளில் பெட்டியோடு அழுதுகொண்டே நடந்தார்கள். கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பெரிய ஃபாதரை அருகில் அழைத்து ஏதோ சொன்னார்.

“ஐயோ, இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா பக்கம் புரட்டிக்கிட்டு இருந்தா? இவளையா நான் அப்படியெல்லாம் பேசினேன்?” என்று நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பெட்டி வாசலைத் தாண்டியது. ஆர்கன் ஓய்ந்தது. ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று மாடியேற, நாத்தனார் பின்னாலேயே ஓடினாள்.

அவள் ஆர்கன் முன்னால் இல்லை. பக்கம் புரட்டுகிறவருக்காகப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவை சில்லிட்டிருந்தன.

“என் நாக்கை அறுத்துப் போடணும். என்னை மன்னிச்சுடும்மா.”

“கமிட்டியில எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க,” என்றார் ஃபாதர் மூச்சு வாங்க. “வேலை உனக்குத்தான். இனிமே வீட்டைப் பத்தி நீ கவலைப்பட வேண்டியதில்ல.”

“கடைசியா கேட்டதுக்காகத்தானே ஃபாதர் குடுக்கறாங்க?”

“அதுக்காகத்தாம்மா. முன்னாடி வாசிச்ச ரெண்டையும் அவங்க மறந்தே போயிட்டாங்க.”

அவள் எட்டி, ஆர்கனின் பக்கவாட்டில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கை அணைத்தாள். வாசித்ததை அப்படியே பதிந்துகொண்டு, வாசித்தவர் கீழே போய் உட்கார்ந்து கேட்பதற்காக, ஆளில்லாமலே குழாய்களை மறுபடி ஒலிக்கவைக்கும் பொறியின் விளக்கு அது. அவளுடைய கண்ணீர் அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது.

“அப்போ எனக்கு வேணாம் ஃபாதர். வாசிச்சது அவருதான்.”