ஆளுக்கு ஒரு அமுக்கு

"யாரைக் கேட்டுடா இந்தப் பொம்பளைங்க கையில கிரீஸ் கன்னைக் குடுத்தே?"

ஃபோர்மேன் செவெரோ போட்ட சத்தத்தில், விஞ்சுக்கு முன்னால் நின்ற பெண்களின் வரிசை கலைந்தது. கிரீஸ் போடும் நிக்கனோர் தலையைச் சொறிந்தான்.

"ஆளுக்கு ஒரு அமுக்குதான் ஐயா. அவங்க வீட்டுக்காரங்க இறங்குறதுக்கு முன்னாடி..."

"பேரிங்குக்கு வாரத்துக்கு ரெண்டு அமுக்கு. கூடிப் போனா சூடேறி இறுகிடும். கூண்டு நடுவழியில நின்னா, உங்கப்பன் வந்து இழுப்பானா?"

பொலிவியாவில் எங்கள் மலைப்பக்கம் பெண்கள் சுரங்கத்துக்குள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் வெள்ளீயம் ஒளிந்துகொள்ளுமாம். கூண்டை இறக்கி ஏற்றும் இந்த விஞ்சுக் கொட்டகைதான் அவர்களுக்கு எல்லை.

பசீலியா மட்டும் நகரவில்லை.

"உள்ளதான் விடமாட்டீங்க. அவர் சாயங்காலம் மேல வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது ஐயா. அவரைத் தூக்கி விடுற மிஷின்ல என் கையும் இருக்குன்னு நினைச்சாத்தான் அடுப்பே பத்த வைக்க முடியுது. அதையும் புடுங்காதீங்க."

"பாசத்தைச் சோத்துல காட்டும்மா. மிஷின்ல காட்டாதே."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

மிஷின் விஷயத்தில் செவெரோவைக் குறை சொல்ல முடியாது. வீட்டு விஷயம் வேறு. நகரத்தில் படிக்க வைத்த மகன் வில்டர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, போன மாதம் இதே சுரங்கத்தில் சேர்ந்தான். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. அவன் கூண்டில் ஏறும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"இன்னியோட உன் சீட்டு கிழிஞ்சுது, நிக்கனோர்."

"சரிங்க. அதுக்கு முன்னாடி இதுக்குப் பின்னால கையை விட்டுப் பாருங்க."

பெண்கள் கிரீஸ் அமுக்கிய முனைக்கு, அந்த நிப்பிளுக்குப் பின்னால் செவெரோ கையை விட்டார். பேரிங் இல்லை. ஒரு பழைய தகர டப்பா இருந்தது.

"நான்தான் வெல்டு வச்சேன். நிஜ பேரிங் எல்லாம் அந்தப் பக்கம். அதுல என் கையைத் தவிர வேற கை படாது, கணக்கா ரெண்டே அமுக்கு. இது நிறைஞ்சா வழிச்சு எடுத்துடுவேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் போனாலும் நீங்க சொல்லிடாதீங்க. பாவம்."

வெளியே மணி அடித்தது. ஆட்கள் களைப்புத் தெரியாமல் இருக்கக் கொக்கா இலையை மென்றபடி கூண்டை நோக்கி நடந்தார்கள். வில்டரும் போனான். தலைக்கவசம் அவனுக்குக் கொஞ்சம் பெரிது. இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

செவெரோ இன்று முகத்தைத் திருப்பவில்லை. ஒருமுறை கூப்பிட்டால் போதும், திரும்பிப் பார்ப்பான். கூப்பிடத்தான் மனது கிடந்து தவித்தது. வாய் வரவில்லை.

கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நிக்கனோரிடம் கையை நீட்டினார்.

"அந்தக் கன்னைக் கொஞ்சம் குடு."

பின்னால் இருப்பது வெறும் டப்பாதான் என்று தெரிந்தும், அதே நிப்பிளில் நிதானமாக ஒரு அமுக்கு அமுக்கினார்.