வெள்ளைக் கையுறை சொல்லாதது

ஓர் அச்சகத்தின் ஆணியில் இரண்டு ஜோடிக் கையுறைகள் தொங்கின. ஒன்று மெல்லிய வெள்ளை லேடெக்ஸ். மற்றது தடித்த கறுப்பு பியூட்டைல் ரப்பர். மையைக் கரைக்கும் அசிட்டோனால் அச்சு உருளைகளைத் துடைக்கும் செண்பகவல்லிக்கு வெள்ளையைத்தான் பிடிக்கும். அது கையோடு ஒட்டி நிற்கும், விரல்களை மடக்கவும் வரும். அதில் வெள்ளைக்குப் பெருமை.

“அசிட்டோன் உன் வழியா உள்ள போகுது. அவகிட்ட சொல்லிடு,” என்றது கறுப்பு. “நான் சொன்னா பொறாமைன்னு நினைப்பா.”

“என்கிட்ட ஒரு ஓட்டைகூடக் கிடையாது,” என்றது வெள்ளை.

ஆனால் அதற்குத் தெரியும். வேலை தொடங்கிய சில நிமிடங்களிலேயே அசிட்டோனின் சில்லிப்பு, ஓட்டையே இல்லாமல், தனக்குள் ஊறி அவள் விரல்களைத் தொடும். சொன்னால் தன்னை விட்டுவிடுவாள் என்று பேசாமல் இருந்தது.

ஒரு மாதத்தில் அவள் விரல்கள் சிவந்து வெடித்தன. அவள் வெள்ளைக் கையுறைக்குள் காற்றை ஊதி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை.

“உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே. என் தோல்தான் சரியில்ல போல,” என்றாள்.

வெள்ளையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “உங்க தோல்ல குத்தமில்லக்கா. நான்தான் அசிட்டோனை உள்ள விட்டேன். முதல் நாளே எனக்குத் தெரியும்.”

அவள் வெள்ளையை மெதுவாக ஆணியில் மாட்டினாள். கறுப்பை எடுத்து, வெடித்த விரல்களை ஒவ்வொன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைத்தாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வெள்ளைக்கு.